பொடி எழுத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: வேதாகமத் தேர்வு நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டச் சபைகளில் ஓய்வுநாள் பள்ளியும் வாலிபர் கூட்டமும் வேதாகமத் தேர்வும் நடத்துகிற அண்ணன்மார், அக்காமார், போதகர் ஐயாமார் அனைவருக்கும் அன்பின் வாழ்த்துகள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வேதாகமத் தேர்வின் வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியையாவது, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுகிற கேள்வியாகப் போடுங்கள். ஒரு வசனத்தைக் கொடுத்து, அதற்கு ஒத்துவாக்கியங்கள் (அதனோடு தொடர்புள்ளதாக வேதாகமத்தின் வேறு இடங்களில் வருகிற வசனங்கள்) மூன்றைத் தேடி எடுத்து, அவை அந்த வசனத்தோடு எப்படிச் சேருகின்றன என்று எழுதச் சொல்லுங்கள். மற்ற கேள்விகளெல்லாம் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும்.

நம் பிள்ளைகளுக்கு வசனம் தெரியாமல் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம்முடையது. மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். 1806-இல் மிஷனெரி ரிங்கெல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தது தொட்டே சபையும் பள்ளிக்கூடமும் இங்கே சேர்ந்தே வளர்ந்தன. சங்கீதம் 91-ஐ மூச்சு விடாமல் சொல்லுகிற பிள்ளை எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் நாம் கேட்பதெல்லாம் 'கோடிட்ட இடத்தை நிரப்புக', 'யார் யாரிடம் கூறியது' என்கிற இரண்டு வகைதான். அதில் நூற்றுக்கு நூறு வாங்கி, பரிசாக ஒரு சில்வர் தட்டும் வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைக்கு, தன் கையில் இருக்கிற வேதாகமத்தில் வசனத்துக்கு மேலே நிற்கும் பொடி எழுத்து, ஓரத்தில் இருக்கிற ஒத்துவாக்கியத்தைக் காட்டுவதற்கு என்று தெரிவதில்லை. 'நாளா', 'எபி', 'அப்' என்ற சுருக்கங்களுக்குப் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே பட்டியல் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பெரியவர்களிலும் பலர் புரட்டியதில்லை.

எங்கே தொடங்குவது? எல்லா வீட்டிலும் இருக்கிற ஒன்றிலிருந்து தொடங்கலாம். புத்தாண்டு ஆராதனையில் கையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை. அதில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." அட்டையில் பூப்படத்தோடு இதைப் பார்த்தால், இந்த வருஷமே வேலை கிடைக்கும், கல்யாணம் கூடும் என்றுதான் படும். ஒத்துவாக்கியத்தைத் தொடுவதற்கு முன் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். இது எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு, சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்கிறார். (வளைகுடாவில் ஆள் இருக்கிற குமரிக் குடும்பங்களுக்கு இந்த 7-ஆம் வசனத்தை யாராவது அட்டையில் அச்சடித்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.) அப்புறம் 10-ஆம் வசனம்: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் திரும்பி வருவீர்கள். கடிதம் கேட்டவர்களில் பலர் அந்த நாளைப் பார்க்கவே போவதில்லை. முந்தின அதிகாரத்துக்குப் போனால், அனனியா என்கிறவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொன்னது தெரியும். சபை அன்றைக்கு யாருடைய அட்டையை விரும்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது 'எழுபது வருஷம்' என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் குறித்திருக்கும் வசனங்களுக்குப் போகலாம். எரேமியா 25:11, 12: அதே எழுபது வருஷம், கடிதத்துக்கு முன்பே சொல்லப்பட்டது, எல்லா ஜாதிகளையும் (தேசத்தாரையும்) சேர்த்து. 2 நாளாகமம் 36:21: எரேமியா சொன்னது நிறைவேறியது, தேசம் தன் ஓய்வுகளை அனுபவித்துத் தீர்த்தது என்கிறது. ஓய்வு எங்கிருந்து வந்தது? அங்கிருந்து இன்னொரு குறிப்பு லேவியராகமம் 26:34-க்குக் கொண்டுபோகும். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்தைச் சும்மா விட வேண்டும் என்ற கட்டளையை நீங்கள் மீறினால், நீங்கள் சத்துருவின் தேசத்தில் இருக்கும்போது நிலம் தானே ஓய்வு எடுத்துக்கொள்ளும் என்று அங்கே எழுதியிருக்கிறது. லேவியராகமம் என்றால் பலி, தீட்டு என்று தாண்டிப் போகிற பிள்ளை இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக தானியேல் 9:2. எனக்கு மிகவும் பிடித்த ஒத்துவாக்கியம் இதுதான். தானியேல் பாபிலோனில் வாழ்ந்து முதியவராகிவிட்டார். எரேமியா சொன்ன வருஷங்களின் கணக்கை 'புஸ்தகங்களால் அறிந்துகொண்டேன்' என்கிறார். தரிசனம் கண்ட மனுஷன்தான், ஆனாலும் இந்த விஷயத்தில் புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, நமக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று சும்மா இருக்கவில்லை. இரட்டு (சாக்குத்துணி) உடுத்தி, உபவாசித்து, ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டு ஜெபித்தார். எரேமியா 29:11-ஐ வாசித்த ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு வேதத்திலேயே இருக்கிற சாட்சி இது. இந்த ஐந்து இடங்களையும் வாசித்த பிறகும் அந்த வசனம் ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அட்டையில் இருந்ததைவிடக் கனமாக இருக்கும்.

சின்ன வகுப்புகளுக்கு இது கூடுதல் என்று தோன்றினால், புதிய ஏற்பாடு பழைய ஏற்பாட்டை எடுத்துச் சொல்கிற இடங்களில் ஆரம்பியுங்கள். அங்கே இணைப்பு சந்தேகமே இல்லாமல் தெரியும். மத்தேயு 4-இல் இயேசு பிசாசுக்குச் சொன்ன பதில்கள் மூன்றும் உபாகமத்திலிருந்து வந்தவை: 8:3, 6:16, 6:13. மூன்றுமே, வனாந்தரத்தில் நாற்பது வருஷம் திரிந்த ஜனங்களிடம் மோசே பேசுகிற பகுதி. இயேசுவும் வனாந்தரத்தில் நாற்பது நாள் இருந்தார். பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்க விடுங்கள், நாம் முந்திச் சொல்லக் கூடாது. பிசாசு எடுத்தது சங்கீதம் 91:11, 12. அந்தச் சங்கீதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'உன் வழிகளிலெல்லாம்' என்பதை அவன் விட்டுவிட்டது தெரியும். மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைகளே இதை முதலில் பிடிக்கிறார்கள். மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். ஒரே சொல் வந்தால் ஒரே பொருள் என்று ஆகாது. 1 பேதுரு 5:8-இல் கெர்ச்சிக்கிற சிங்கம் பிசாசு. வெளிப்படுத்தல் 5:5-இல் யூதா கோத்திரத்துச் சிங்கம் கிறிஸ்து. கைபேசி ஆப்பில் 'சிங்கம்' என்று தேடி, வந்ததையெல்லாம் வரிசையாக எழுதிவைப்பது ஒத்துவாக்கியப் படிப்பு அல்ல. அதனால் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதப் பழக்குங்கள்: மேற்கோளா, அதே சம்பவமா, அதே கருத்தா, வெறும் சொல் ஒற்றுமையா என்று. நாலாவது வகையாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

ஒத்துவாக்கியத்தைப் பற்றிப் பேசும்போது நம் கூட்டங்களில் தவறாமல் சொல்லப்படுகிற வசனம் ஏசாயா 34:16: "இவைகளில் ஒன்றும் ஜோடில்லாதிராது." ஒவ்வொரு வசனத்துக்கும் ஜோடி வசனம் உண்டு என்பதற்கு ஆதாரமாக இதைக் காட்டுவோம். மேலே இருக்கிற ஐந்து வசனங்களையும் வாசித்துப் பாருங்கள். பாழாய்ப் போன ஏதோம் தேசத்தில் குடியேறுகிற பறவைகளையும் மிருகங்களையும் பற்றிய பேச்சு அது. ஜோடு என்பது அவற்றின் ஜோடு. ஒத்துவாக்கியத்துக்கு ஆதரவாகச் சொல்கிற வசனத்தையே சுற்றுமுற்றும் பார்க்காமல் எடுத்திருக்கிறோம் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இன்னொன்று, ஓரக் குறிப்புகள் மனிதர் தொகுத்தவை. வசன எண்களே அப்படித்தான்: புதிய ஏற்பாட்டில் இப்போது வழங்கும் எண்களை 1551-இல் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகக்காரர் போட்டார். ஆங்கிலத்தில் சுமார் ஐந்து லட்சம் குறிப்புகள் கொண்ட தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதை முழுவதும் ஓட்டிப் பார்க்க ஒருவராலும் முடியாது, தேவையும் இல்லை. ஒரு நாளுக்கு மூன்று குறிப்பு போதும். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் ஒரு பத்தி சேர்த்து வாசிக்க வேண்டும்.

கத்தோலிக்க வீடுகளிலிருந்து வாலிபர் கூட்டத்துக்கு வருகிற பிள்ளைகள் கையில் 1995-இல் வந்த திருவிவிலியம் இருக்கும். அதில் நாளாகமம் 'குறிப்பேடு', சங்கீதம் 'திருப்பாடல்கள்'. ஆசிரியர் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை தேடித் தடுமாறாது. அதிலும் ஒத்த இடங்கள் குறிப்பாக இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லதும்கூட.

போதகர் ஐயாமாரிடம் ஒரு விண்ணப்பம். பிரசங்கத்தில் பன்னிரண்டு வசனக் குறிப்புகளை மளமளவென்று வாசித்துப் போனால், பின்வரிசையில் இருக்கிற பாட்டி இரண்டாவதைத் தேடி முடிக்கிறதுக்குள் நீங்கள் ஒன்பதாவதில் இருக்கிறீர்கள். இரண்டு மட்டும் சொல்லி, பக்கம் புரளும் சத்தம் அடங்கும்வரை காத்திருங்கள், போதும்.

பரிசுக் குழுவினருக்கு: அடுத்த முறை முதல் பரிசாகத் தட்டுக்குப் பதில் ஒத்துவாக்கிய வேதாகமம் ஒன்று கொடுங்கள். எல்லோருக்கும் கொடுக்கச் செலவாகும் என்பது தெரியும். ஓய்வுநாள் பள்ளி அலமாரியில் மூன்று நான்கு பிரதிகள் வைத்தால் வகுப்புக்கு மாறி மாறி எடுத்துக்கொள்ளலாம். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டும் கைவேலையும் போக ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், பென்சிலும் ஒரு நோட்டும் தவிர வேறொன்றும் தேவையில்லை.

தேர்வுக் குழுவுக்கு ஒரு மாதிரிக் கேள்வியும் தருகிறேன். "மாற்கு 15:34-இல் இயேசு சொன்ன வார்த்தை எந்தச் சங்கீதத்தின் தொடக்கம்? அந்தச் சங்கீதத்தை முழுவதும் வாசித்து, அதில் சிலுவைக் காட்சியோடு சேருகிற இரண்டு வசனங்களைக் குறிப்பிடு. அதன் 22-ஆம் வசனம் எபிரெயர் நிருபத்தில் எங்கே வருகிறது, எதற்காக?" பத்து மதிப்பெண், அரை மணி நேரம், வேதாகமம் திறந்திருக்கலாம். திருத்துகிறவர்களுக்கு வேலை கூடும். விடைகள் ஒரே மாதிரி இருக்காது. ஆட்கள் போதாவிட்டால் எனக்கும் ஒரு கட்டு விடைத்தாள் அனுப்புங்கள், நான் திருத்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம் பக்கத்துச் சபை ஒன்றின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்