முட்டுவலிக்குப் பயந்து உட்கார்ந்துவிடாதே

செங்கோட்டை

அன்புள்ள செண்பகம்,

பேத்தி பிறந்த சேதி படித்து மனசு நிறைந்துபோச்சு. அடுத்த வரியிலேயே, ‘எலும்பு தேய்ஞ்சிட்டாம், நடமாட்டத்தைக் குறைச்சுக்கிட்டேன்’ என்று எழுதியிருக்கிறாய். ஏட்டி, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் தேய்வது எலும்பில்லை, அதன் முனையிலுள்ள குருத்தெலும்பு. அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசைந்தால்தான் உள்ளே ஊறும் திரவத்திலிருந்து சத்து போய்ச் சேரும். உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை வற்றி, பாரமெல்லாம் முட்டில் இறங்கும். எக்ஸ்ரே பார்த்துக் கலங்காதே. படத்தில் நிறையத் தேய்ந்தவர்கள் நன்றாக நடப்பதும் உண்டு.

எனக்கு பிசியோதெரபிப் பெண் முதலில் சொல்லிக் கொடுத்ததை நீயும் செய். காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வை. அந்தச் சுருளை முழங்காலால் கீழே அழுத்து. தொடை கல்லாய் இறுகும். ஐந்து எண்ணி விடு. பத்துத் தடவை, காலையும் மாலையும். இப்போது சந்தைக்கு நான் நடந்தேதான் போகிறேன். அரிவாள்மணையைப் பரணில் போட்டாச்சு. நாற்காலியில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறேன்.

உடம்பில் ஒரு கிலோ இறங்கினால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறையுமாம். உனக்கு வலது முட்டுதானே? கம்பை இடது கையில் பிடி. படியேற நல்ல கால் முன்னால், இறங்க வலிக்கிற கால் முன்னால்.

இங்கே ஆடி பிறந்ததும், மலையாளத்தில் கர்க்கடகம் என்று, கிழி என்கிற சூடான மூலிகை மூட்டை ஒத்தடம் போட்டுக்கொள்ள ஆரியங்காவு தாண்டிக் கேரளாவுக்குப் போகிறவர்கள் நிறைய. நானும் கொட்டஞ்சுக்காதி தைலம் சூடாகத் தேய்க்கிறேன். சாரல் அடிக்கிற நாளில் இதமாக இருக்கிறது. ஆனால் குருத்தெலும்பை வளர்த்துத் தருகிறேன் என்று எவராவது காசு கேட்டால் கொடுக்காதே.

மெடிக்கலில் நீயாக வலி மாத்திரை வாங்கி விழுங்குவதை இன்றோடு நிறுத்து. வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். உனக்குச் சர்க்கரையும் பிரஷரும் வேறு இருக்கிறது. மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரிடம் கேள். முட்டு சிவந்து, சுட்டு, வீங்கினாலும், காலையில் எழுந்ததும் வரும் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாலும் தாமதிக்காமல் காட்டு. அது வேறு நோயாக இருக்கலாம்.

ஆபரேஷன் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். இத்தனையும் செய்தும் ராத்திரித் தூக்கம் கெட்டால் அப்போது யோசிக்கலாம். செயற்கை மூட்டின் விலைக்கு 2017-லேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது.

பேத்திக்குத் தொட்டில் போட்டதும் கிளம்பி வா. தாம்பரத்தில் பொதிகை ரயில் ஏறினால் காலையில் இங்கே. கீழ் பெர்த்தாகக் கேட்டு வாங்கு. பண்பொழி திருமலைக்கு இப்போது மேலே வரை வண்டி போகிறது, முருகனைப் பார்த்துவிட்டு வரலாம்.

உன்,
கோமதி