பக்கக் கதவருகே கைவிளக்குடன் நின்ற ஐயாவுக்கு நன்றி

சென்ற சனிக்கிழமை டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நாங்கள் நடத்திய அரிச்சந்திரன் நாடகத்தில், மயான காண்டம் தொடங்கும் வேளையில், மேடை நிர்வாகியான என் ஹெட்செட் கரகரத்து ஓய்ந்துவிட்டது. விளக்குகளை இயக்குபவர் அரங்கின் பின்கோடியில் இருந்ததால், சந்திரமதியின் கழுத்தில் வாள் மாலையாக மாறும் கணத்தை அவருக்கு உணர்த்த எனக்கு வழியே இல்லாமற்போனது. மாற்று ஏற்பாடு செய்யாதது என் பிழைதான்.

பக்கக் கதவருகே நான் தவித்து நின்றதைக் கண்டு எழுந்துவந்த தாங்கள், சிவப்பு, பச்சை மிட்டாய்த் தாள்களைக் கைவிளக்கின் முகப்பில் மாற்றி மாற்றி வைத்து, சிவப்பு என்றால் ஆயத்தம், பச்சை என்றால் இயக்கு என்று பின்கோடிக்குச் சொல்லியனுப்பினீர்கள். பெரிய அரங்குகளில் இதே வண்ணங்களில் சைகை விளக்குகள் உண்டு என்பதைத் தாங்கள் அறிந்திருந்தீர்கள். பார்வையாளர் கண்ணில் படாதபடி ஒளியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நான் தோளைத் தொட்டபோதெல்லாம் பிசகாமல் காட்டினீர்கள்.

இனி ஹெட்செட்டைச் சாராத தனிக் கம்பியில் சைகை விளக்குகளும், குறிப்புகள் எழுதிய நாடகப் பிரதி ஒன்று விளக்குப் பலகையருகிலும் இருக்கும். பெயர் கேட்கும் முன்பே போய்விட்டீர்கள், ஐயா. அந்தப் பச்சைத் தாளை என் பிரதிக்குள் வைத்திருக்கிறேன்.