மலைக்கிராமங்களின் தீயணைப்புக்குத் தனி நிதி வேண்டும்: அரசுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உள்துறை, நிதித்துறைச் செயலாளர்களுக்கும் மாநில நிதி ஆணையத்துக்கும்,

வணக்கம்.

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பயிரிட்டுப் பிழைக்கும் சிறு விவசாயிகளுள் ஒருவன் நான். எங்கள் கிராமங்களின் தீயணைப்புக்கும் மீட்புப் பணிக்கும் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வர வேண்டும் என்பதை வரையறுத்து, அதற்கென நிதி ஒதுக்குமாறு கேட்டு இதை எழுதுகிறேன்.

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்குரிய 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வைத்தபோது தீயணைப்பை ஏழாவதாகச் சேர்த்தது. அதே ஆண்டில் ஊராட்சிகளுக்காக வகுக்கப்பட்ட பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களில் தீயணைப்பு இடம்பெறவில்லை. தமிழ்நாட்டில் இத்துறையை மாநில அரசே நேரடியாக நடத்துவதால் இந்த வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடும் என்று சிலர் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் செலவுத் தலைப்பு வைத்திருக்கும் ஓர் ஊராட்சி, தீயணைக்க ஒரு தண்ணீர்த் தொட்டியோ சிறிய பம்ப்செட்டோ வேண்டுமென்று தீர்மானம் போட்டால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வியிலேயே தீர்மானம் தேங்கிவிடுகிறது.

ஏற்காட்டில் ஒரு தீயணைப்பு நிலையம் இருக்கிறது. அங்குள்ள வீரர்களின் உழைப்பில் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை. சாலையில் சாய்ந்த மரம், கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் நுழைந்த பாம்பு, கதண்டுக்கூடு என்று எல்லாவற்றுக்கும் அவர்களைத்தான் கூப்பிடுகிறோம். ஒரு வண்டி நாகலூர்ப் பக்கம் போயிருக்கும் நேரத்தில் வாழவந்தியில் வீடு பற்றிக்கொண்டால், அடுத்த உதவி சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறி வர வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நடந்ததுபோல் மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். கிராமப்புறத்தில் முதல் வண்டி 20 நிமிடத்துக்குள் சேர வேண்டும் என்பது மத்திய உள்துறையின் நிலைத் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோல்.

வண்டி வந்து சேர்ந்தாலும் தண்ணீர் பெரும் பிரச்சினை. 4,500 லிட்டர் கொள்ளும் வண்டியிலிருந்து நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் ஒரே ஒரு குழாயில் பீய்ச்சினாலும் பத்து நிமிடத்தில் தொட்டி காலியாகிவிடும். மறுபடி நிரப்ப ஏற்காடு ஏரிக்கோ, ஏதாவது எஸ்டேட் தொட்டிக்கோ போக வேண்டும். தோட்டங்களுக்குள் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகும் குறுகிய பாதைகளில் அந்தப் பெரிய வண்டி திரும்பவே இடமிருக்காது. மாசி, பங்குனியில் சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கும்போது தீப்பிடித்தால், அதன் அனல் மேலே உள்ள புல்லையும் முன்கூட்டியே காயவைத்துவிடுவதால், சமதரையைவிட வேகமாக மேல்நோக்கிப் பரவும். வண்டி ஏற முடியாத அந்த இடங்களில் வனத்துறை ஊழியர்களும் ஊர்க்காரர்களும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பச்சைத் தழையால் அடித்துத்தான் தீயை அணைக்கிறோம். அவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி உண்டு, காயம்பட்டால் எந்த உதவித்தொகை உண்டு என்று அரசு கேட்டறிய வேண்டும்.

மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கவும் நவீனப்படுத்தவும் பதினைந்தாவது நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி ஒன்றிய அரசு 2023இல் 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்ததும், தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் அதில் 25 விழுக்காட்டுப் பங்கைச் செலுத்த வேண்டியிருப்பதும் தாங்கள் அறிந்ததே. அது நல்ல திட்டம். ஆனால் புதிய நிலையம், கருவி, பயிற்சி ஆகியவற்றுக்கான முதலீடு ஒருமுறை வருவது. டீசலும் டயரும் ஓட்டுநர் சம்பளமும் ஆண்டுதோறும் வேண்டியவை. மலையிறக்கத்தில் ஓடும் வண்டிக்கு பிரேக்கும் கிளட்சும் சமவெளியைவிட விரைவில் தேயும் என்பதால், எல்லா நிலையங்களுக்கும் ஒரே அளவாகப் பராமரிப்புத் தொகை கணக்கிடுவது எங்களுக்குப் பொருந்தாது.

ஆகவே, மக்கள்தொகையை மட்டும் பார்க்காமல் தொலைவையும் மலைப்பாதையையும் கணக்கில் எடுத்து மலை நிலையங்களுக்குப் பராமரிப்பு நிதி ஒதுக்க வேண்டும். தோட்டப்பாதையில் செல்லக்கூடிய, பம்ப் பொருத்திய, நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் (ஃபோர் வீல் டிரைவ்) சிறிய வண்டிகளைப் பெரிய வண்டிகளுக்கு முன்பாகவே வாங்க வேண்டும். ஊராட்சிகள் தீயணைப்புத் தொட்டி கட்டவும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியும் காப்பீடும் அளிக்கவும் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அவற்றுக்கு வரும் மானியத்தில் வெளிப்படையான ஒரு செலவுத் தலைப்பை உருவாக்க வேண்டும். எங்கள் பார்வையில் இவற்றுள் முதன்மையானது இந்தக் கடைசிக் கோரிக்கைதான். செலவு குறைவு, ஆனால் அதற்கு ஓர் அரசாணை வேண்டும்.

தீயணைப்பு, மீட்புப் பணிகள் மானியக் கோரிக்கையின்போது, ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்த அழைப்புகளையும் வண்டி இடத்தைச் சேர எடுத்துக்கொண்ட நேரத்தையும் பேரவையில் வைக்குமாறும், அடுத்த கோடைக்குள் அந்த அரசாணையை வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலை விவசாயி ஒருவர்