மூட்டையில் அச்சிட்ட புரத எண்ணை மட்டும் நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன் தீவனம் வாங்குவோர் மூட்டையில் முதலில் தேடுவது புரத விழுக்காட்டைத்தான். 28ஐவிட 35 மேல், மீன் சீக்கிரம் எடை போடும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பல குளங்களில் இந்தக் கணக்கு காசையும் கரைக்கிறது, நீரையும் கெடுக்கிறது.

புரதத் தேவை இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் மாறும். கெண்டை, திலேப்பியா நுண்குஞ்சுகளுக்கு 40 விழுக்காடு தேவை. அவையே விற்பனை எடையை நெருங்கும்போது 25 முதல் 30 போதும். விரால் போன்ற ஊன் உண்ணிகளுக்கு வளர்ந்த பிறகும் 40ஐ ஒட்டியே வேண்டும்.

தேவைக்கு மேல் கொடுத்த புரதத்தை மீனால் சேர்த்துவைக்க முடியாது. அதை எரித்து ஆற்றலாக்கிக்கொண்டு, நைட்ரஜனை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றும். ஒரு கிலோ எடை கூட 28 விழுக்காட்டுத் தீவனம் 1.6 கிலோ ஆகிறது என்று கொள்வோம். உள்ளே போன புரதம் 448 கிராம். 35 விழுக்காட்டுத் தீவனம் 1.5 கிலோ ஆனால் 525 கிராம். உடலில் தங்குவது இரண்டிலும் சுமார் 160 கிராம்தான். மிச்சத்தை, புரதத்தை நைட்ரஜன் கணக்குக்கு மாற்றும் எண்ணான 6.25ஆல் வகுத்தால், முன்னதில் 46 கிராம் நைட்ரஜன், பின்னதில் 58 கிராம் குளத்தில் சேர்கிறது. தீவனத்தில் 100 கிராம் மிச்சம் பிடித்து, கழிவைக் கால் பங்குக்கு மேல் கூட்டியிருக்கிறோம்!

இந்த அம்மோனியாவை அளப்பவர்களும் பெரும்பாலும் காலையில் அளக்கிறார்கள். 28 டிகிரி வெப்பத்தில் நீரின் பி.எச். (அமில-கார அளவு) 7 என்றால் அதில் நச்சுத்தன்மை மிகுந்த பகுதி ஒரு விழுக்காடுகூட இராது. பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் பி.எச். 9ஐத் தொடும்போது அதே பகுதி 40 விழுக்காட்டுக்குப் போய்விடும். பிற்பகல் அளவுதான் உண்மையைச் சொல்லும்.

சரி, 28 என்று போட்டிருந்தால் 28 கிடைக்கிறதா? ஆய்வகம் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது, அந்த நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. 100 கிலோவில் ஒரு கிலோ யூரியா கலந்தாலே ‘புரதம்’ ஏறத்தாழ 2.9 விழுக்காடு ஏறிவிடும். மீன் அதிலிருந்து ஒரு கிராம் சதை போடாது. 2007இல் செல்லப்பிராணி உணவில் நைட்ரஜன் மிகுந்த வேதிப்பொருளான மெலமைனைக் கலந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டதும் இந்த ஓட்டையைத்தான்.

கலப்படமே இல்லாவிட்டாலும் மீனுக்கு வேண்டியது, புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களில் இன்றியமையாத பத்து. ஒன்று குறைந்தாலும் வளர்ச்சி அந்த அளவோடு நின்று, மற்றவை வீணாக எரியும். சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. கடலைப் பிண்ணாக்கில் லைசின் என்ற இன்னொன்றும் குறைவு. ஆகவே பிண்ணாக்கு ஒன்றையே நம்பாமல் கலந்து கொடுப்பதும், மீன் தூள் சிறிது சேர்ப்பதும் நல்லது. பச்சைச் சோயா செரிமானத்தைத் தடுக்கும், அதனால் சூடாக்கியே ஆகவேண்டும். கருகவிட்டால் லைசின் சர்க்கரையோடு பிணைந்து மீனுக்குக் கிடைக்காமல் போகும். கொழுப்பும் மாவுச்சத்தும் போதாத தீவனத்திலும் புரதமே எரிபொருளாகிறது. அதற்காகக் கொழுப்பை அள்ளிப்போட்டால் அது வயிற்றில்தான் படியும்.

உரமிட்டுப் பசுமை பிடித்த குளத்தில், மீன் இருப்பும் குறைவாக இருந்தால், மிதவை உயிரிகளே நல்ல புரதம் தரும். அங்கே விலை உயர்ந்த தீவனம் வீண். கூண்டிலும் தொட்டியிலும் அந்த உதவி கிடையாது. அங்கே முழுமையான தீவனம் கட்டாயம்.

தீவனத்தை மாற்றுவோர் 15 நாளுக்கு ஒருமுறை மாதிரி மீன்களை எடைபோட்டு, கூடிய எடையை, அந்த நாட்களில் போட்ட புரதத்தின் எடையால் வகுத்துப் பார்க்கட்டும். மேலே சொன்ன 28 விழுக்காட்டுத் தீவனக் கணக்கில் அது 2.2, 35 விழுக்காட்டில் 1.9.

தயாரிப்பாளர்களுக்கும் விதி வகுப்போருக்கும் எங்கள் கோரிக்கை: கச்சாப் புரதத்தோடு (நைட்ரஜனை வைத்துக் கணக்கிட்ட புரத அளவு) லைசின், மெத்தியோனின், கொழுப்பு அளவுகளும், எந்த இனத்துக்கு, எந்தப் பருவத்துக்கு என்பதும், தயாரித்த தேதியும் மூட்டையில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
மீன் ஊட்டவியல் துறையில் பணியாற்றுவோர்