உயர்கோபுர விளக்கும் டெல்டாவின் தெற்கு வானமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி ஏதாவது ஓர் ஊரில் உயர்கோபுர மின்விளக்கு திறந்துவைத்த செய்தி வருகிறது. வெளிச்சம் கேட்டு மனு மேல் மனு கொடுத்த ஊர்க்காரர்களுக்கு அது நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விளக்குகளை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுகிறார்கள் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புக்குப் படம் எடுக்கிறவன். வேலை இல்லாத ராத்திரிகளில் வயல் பக்கம் போய் நெபுலாக்களையும் (விண்வெளியில் இருக்கும் வாயு மேகங்கள்) தூரத்து கேலக்ஸிகளையும் (கோடானுகோடி நட்சத்திரங்களின் கூட்டங்கள்) படம் எடுக்கிறேன். அதற்கென்று ஒரு பழைய கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைக் கழற்றி வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 656 நானோமீட்டர் சிவப்பு வெளிச்சத்தில் பெரும்பகுதியைக் கடைக் கேமரா உள்ளேயே விடாது. படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, இது நாசா படமா, கிராபிக்ஸா என்றுதான். இரண்டும் இல்லை. நம் ஊர் வயலுக்கு மேலே இருக்கிற வானம்தான் அது.

டெல்டா வானத்தின் அருமை டெல்டாக்காரர்களுக்கே தெரியவில்லை என்பது என் ஆதங்கம். நாம் இருப்பது ஏறத்தாழ 10.7 டிகிரி வட அட்சரேகையில். மலை கிடையாது, குன்று கிடையாது, அறுவடை முடிந்த வயலில் நின்றால் தெற்கே அடிவானம் வரை தெரியும். அகத்தியர் நட்சத்திரத்துக்கும் (கனோபஸ்) திரிசங்குக்கும் (தென்சிலுவை) நடுவே, திரிசங்குப் பக்கமாகத் தள்ளி, கரினா நெபுலா இருக்கிறது. ஓரியன் நெபுலாவைவிடப் பல மடங்கு பெரியது. லண்டன்காரருக்கு அது உதிப்பதே இல்லை, டெல்லியில் அடிவானத்திலிருந்து ஒன்றிரண்டு டிகிரி எழும்பி தூசியிலேயே மறைந்துவிடும். நமக்கோ பங்குனி மாதத்தில் ராத்திரி பத்து, பதினொரு மணிவாக்கில் கையை நீட்டி ஒரு சாண் பிடித்தால் எவ்வளவோ அவ்வளவு உயரத்தில் தெற்கே நிற்கிறது. (இதே அட்சரேகையால் ஒரு சிரமமும் உண்டு. துருவ நட்சத்திரம் நமக்கு வெறும் 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், வானம் நகர நகரக் கேமராவையும் கூடவே மெல்லத் திருப்பும் டிராக்கரை அதைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது.)

நெபுலாவைவிட எனக்குப் பெரிய ஆசை அதற்கெல்லாம் பின்னால் இருக்கிற கேலக்ஸிகள்மேல். பங்குனி நள்ளிரவில் நம் தலைக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே கன்னி ராசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளின் பெருங்கூட்டம் ஒன்று வருகிறது. தூரம் சுமார் 5 கோடியே 40 லட்சம் ஒளியாண்டு. 2019இல் கருந்துளையின் முதல் படம் என்று உலகமே பார்த்ததே, அந்தக் கருந்துளை இருக்கும் எம்87 கேலக்ஸி இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டு நிமிடம், இரண்டு நிமிடமாக நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து, லென்ஸில் பனி படியாமல் துடைத்துக்கொண்டே இருந்து, மறுநாள் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அடுக்கினால் பெரிய கேலக்ஸிகள் முதலில் தெரியும். அப்புறம் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பார்க்க வேண்டும். நட்சத்திரம் என்றால் உருண்டையான புள்ளியாக இருக்கும். நடுவே சில புள்ளிகள் மட்டும் கொஞ்சம் நீண்டு, ஓரம் கரைந்து, நெல்மணி மாதிரி கிடக்கும். அட்டவணையில் தேடிப் பார்த்தால் அது பல பத்துக் கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற இன்னொரு கேலக்ஸி. அதிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் நம் ஊர் வரப்பில் வைத்த லென்ஸுக்குள் விழுந்திருக்கிறது என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

ஊர் வெளிச்சம் வானத்தில் ஏற ஏற இந்த நெல்மணிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. காரணத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். நெபுலா வாயு. ஹைட்ரஜன் ஒரு குறிப்பிட்ட சிவப்பில், ஆக்சிஜன் 500.7 நானோமீட்டர் என்ற நீலப்பச்சையில் என்று குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும்தான் பெரும்பாலும் ஒளிரும். அந்த நிறங்களை மட்டும் உள்ளே விடுகிற ஃபில்டர் போட்டால் ஊர் வெளிச்சத்தில் பெரும்பகுதி வடிந்துபோகும். 1054இல் வெடித்த நட்சத்திரத்தின் மிச்சமான நண்டு நெபுலாவை (தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து 44 வருஷம் கழித்து வெடிப்பு தெரிந்தது, 23 நாள் பகலிலேயே கண்ணுக்குப் பட்டதாகச் சீனர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்) நகரத்து மொட்டைமாடியிலிருந்துகூட இப்படி எடுத்துவிடுகிறார்கள். ஆனால் கேலக்ஸியின் வெளிச்சம் கோடானுகோடி நட்சத்திரங்களின் வெளிச்சம், எல்லா நிறமும் கலந்தது. அதில் எதை வடிகட்டுவது? முன்பு இருந்த மஞ்சள் சோடியம் விளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சளைச் சுற்றியே இருந்தது, அதை ஓரளவு தடுக்க முடிந்தது. இப்போது மாட்டுகிற வெள்ளை எல்இடியில் எல்லா நிறமும் இருக்கிறது. அதிலும் நீலம் தூக்கல். பகலில் வானம் நீலமாக இருப்பதற்கு எது காரணமோ அதே காரணத்தால் ராத்திரியில் அந்த நீலம் காற்றில் நன்றாகச் சிதறி வானத்தையே வெளுக்கவைக்கிறது. கேலக்ஸியைக் காப்பாற்ற எந்த ஃபில்டரும் கடையில் கிடைக்காது, வானம் இருட்டாக இருந்தால்தான் உண்டு.

நான் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸில் இறங்கி நடந்து வருகிற பெண்களுக்கும், பாம்பு பயத்தோடு வாய்க்கால் கரையில் போகிறவர்களுக்கும் வெளிச்சம் வேண்டும், அது தரையில் விழ வேண்டும். எங்கள் பக்கம் ஓர் உயர்கோபுரத்தில் விளக்குகளைச் சாய்த்து மாட்டியிருக்கிறார்கள். பாதி வெளிச்சம் பக்கவாட்டில் வயலைத் தாண்டி அடுத்த ஊர்வரை போகிறது. அடிவானத்தை ஒட்டி இப்படிப் போகிற வெளிச்சம்தான் காற்றில் அதிக தூரம் பயணம் செய்து வானத்தை அதிகமாகக் கெடுக்கிறது. நடந்து வருகிறவருக்கும் அது கண்ணைக் கூசவைக்கிறது, மரத்தடி இன்னும் இருட்டாகத் தெரிகிறது. விளக்கின் கண்ணாடி தரைக்கு இணையாக இருக்கும்படி திருப்பினால் போதும். அடுத்த முறை மாற்றும்போது வெள்ளைக்குப் பதில் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) அல்லது அதற்குக் கீழே மஞ்சள் சாயலில் வாங்கலாம். நள்ளிரவுக்கு மேல் பாதியாகக் குறைக்கலாம், கரண்ட் பில்லும் குறையும்.

வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் கடற்கரைக்கு இது இன்னும் அவசரம். தை முதல் அங்கே பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் குஞ்சுகள் கடல் பக்கம் தெரிகிற வெளிச்சத்தை நம்பித்தான் போகும், கரையில் விளக்கு எரிந்தால் திசை தப்பி அதைப் பார்த்து ஊர்ந்து போய்ச் சாகின்றன. கடலோர விளக்குகளுக்கு மறைப்பு போட்டால் ஆமையும் பிழைக்கும், டெல்டாவிலேயே நல்ல தெற்கு வானமும் மிஞ்சும்.

லடாக்கில் ஹான்லே இருண்ட வானக் காப்பகமாக இருக்கிறது, மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024 ஜனவரியில் இருண்ட வானப் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. நான் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை. மே 1 கிராம சபைக் கூட்டத்தில், எங்கள் ஊர் விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்பச் சொல்லி மனு கொடுக்கப்போகிறேன். மற்ற ஊர்க்காரர்களும் கொடுக்க வேண்டும். தங்கள் நிருபர்களும் அடுத்த விளக்குத் திறப்புக்குப் போகும்போது, கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்கிறது, எத்தனை கெல்வின், ராத்திரி எத்தனை மணிக்குக் குறையும் என்று கேட்டு அந்தச் செய்தியிலேயே சேர்த்துப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.