கல்யாணச் சான்றில் ஒரு ‘ஹெச்’ எழுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் கல்யாணத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து வருகிற மாப்பிள்ளைக்கும், நர்ஸ் வேலையில் இருக்கும் மணப்பெண்ணுக்கும் கிடைக்கிற விடுப்பு பெரும்பாலும் முப்பது நாள்தான். ஜவுளி, நகை, அழைப்பு என்று அதில் பாதி கரைந்துவிடும். மறுவீடும் விருந்தும் முடிந்து மிச்சமிருக்கும் நாலைந்து வேலைநாளில் திருமணப் பதிவு. அந்த அவசரத்தில் விழுகிற பிழைதான் பல மாதம் கழித்து துணைவர் விசாவில் கேள்வியாகத் திரும்பி வருகிறது. மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பகுதிகளில் இந்த ஆவண வேலையிலேயே இருப்பவர்கள் நாங்கள். எது எங்கே கெடுகிறது என்று எழுதினால் சிலருக்காவது பயன்படும்.

முதலில் பெயர். நம் ஊரில் ‘ஞானதாஸ்’ என்ற அப்பா பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பள்ளிச் சான்றில் ‘டி’க்குப் பக்கத்தில் ஒரு ‘ஹெச்’ இருக்கும். பாஸ்போர்ட்டில் அது இருக்காது. திருமுழுக்குச் சான்றில் ஞானம் தனியாக, தாஸ் தனியாக இரண்டு சொல்லாக நிற்கும். ஆதாரில் ‘ஜி’ என்ற ஒற்றை இன்ஷியல் மட்டும். ஊரில் இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். கோப்பைப் பார்க்கும் விசா அதிகாரிக்குத் தெரியாது. பதிவுத்துறை இணையதளத்தில் திருமண விண்ணப்பத்தை நிரப்புவது பெரும்பாலும் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர் பையன். கையில் கொடுத்த ஆதாரைப் பார்த்து அவன் அடிக்கிறான். அதே எழுத்து சான்றிலும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிறகு திருத்த வேண்டுமானால் இருவரும் மறுபடி அலைய வேண்டும்; ஒருவர் அதற்குள் விமானம் ஏறியிருப்பார். ஆகவே விண்ணப்பத்தை நிரப்பும்போது ஆதாரை ஓரமாக வைத்துவிட்டு, இருவரின் பாஸ்போர்ட்டையும் திறந்து வைத்து, எழுத்துக்கு எழுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றிரண்டு எழுத்து வேறுபாட்டுக்கு, இரண்டும் ஒரே நபர்தான் என்று நோட்டரி முன் தரும் உறுதிமொழிப் பத்திரம் கைகொடுக்கும். பெயரே வேறாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் செய்வதுதான் வழி. முகவரியில் ஊர்ப்பெயர் ‘விளை’ என்று முடிகிறதா ‘விளாகம்’ என்று முடிகிறதா என்று விசா அலுவலகத்தில் யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். கல்யாணம் ஆனதுமே பெண்ணின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்தே ஆக வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பிரிட்டனோ ஆஸ்திரேலியாவோ அப்படிக் கேட்பதில்லை. அவசரமாக மாற்றினால் பட்டம், வங்கிக் கணக்கு, கல்யாணச் சான்று எல்லாம் பழைய பெயரிலும் பாஸ்போர்ட் மட்டும் புதுப் பெயரிலும் நிற்கும்.

அடுத்தது பதிவு. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லா மதத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் 150 நாள் வரை அவகாசம். ஆலயத்திலோ பள்ளிவாசலிலோ தரும் சான்று இந்தப் பதிவுக்கு ஆதாரம். அதையே நேராக விசாவுக்கு வைத்தால் அரசுச் சான்று எங்கே என்ற கேள்வி வரும். வெவ்வேறு மதத்தினர் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் செய்வதானால் கணக்கே வேறு. மணம் செய்யப்போகிறோம் என்று திருமணப் பதிவு அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்கும் முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். கொடுத்த பிறகு மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். முப்பது நாள் விடுப்பில் வருகிறவர் இதை வந்து இறங்கிய பிறகு கேட்டால் காலண்டரைப் பார்த்து விழிக்க வேண்டியதுதான். இருவரும் கையெழுத்திட்ட நோட்டீஸை முன்கூட்டியே கொடுக்க வழி உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பிரிட்டன் விசாவில் அதிகம் பணம் வீணாவது, எந்த விசா என்று தெரியாமல் விண்ணப்பிப்பதில். அங்கே இருப்பவர் பிரிட்டிஷ் குடியுரிமை அல்லது நிரந்தரக் குடியிருப்பு பெற்றவர் என்றால் அது குடும்ப விசா. ஸ்பான்சருக்கு, அதாவது அங்கிருந்து அழைக்கிறவருக்கு, ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் இதுதான் வரம்பு. 2025 ஏப்ரல் நிலவரப்படி விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்டு. அந்நாட்டு அரசு மருத்துவ வசதிக்காக முன்கூட்டியே கட்டும் சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் மூன்று ஆண்டுக்கு 3,105 பவுண்டு. கிடைப்பது 33 மாத விசா. ஆனால் அங்கே இருப்பவர் இன்னும் வேலை விசாவில் இருக்கும் நர்ஸ் என்றால், கணவர் போவது டிபென்டன்ட் விசாவில், அதாவது மனைவியின் வேலை விசாவைச் சார்ந்து. அதற்கு 29,000 கணக்கே கிடையாது. துணைவருக்கு 285 பவுண்டு 28 நாள் கணக்கில் இருந்தால் போதும். இல்லாவிட்டால் வேலை கொடுத்தவர் பொறுப்பேற்கலாம். நர்ஸ் சுகாதாரப் பணியாளர் விசாவில் இருந்தால் கணவருக்கும் சுகாதாரக் கட்டணம் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் லட்சக்கணக்கில் கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு.

பெண் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. மாப்பிள்ளை பிரிட்டனில் ‘கேர் விசாவில்’, அதாவது முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை விசாவில், இருக்கிறார் என்று தரகர் சொன்னால், அந்த விசாவுக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தார் என்று கேளுங்கள். 2024 மார்ச் 11 முதல் பராமரிப்புப் பணியாளராக விண்ணப்பித்துப் போனவர்கள் மனைவியையோ குழந்தைகளையோ டிபென்டன்டாக அழைக்க முடியாது. இதை நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

குடும்ப விசாவில் சம்பளக் கணக்கு தனிக்கலை. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால், ஆறு மாதச் சம்பளச் சீட்டும் அதே தொகை விழுந்த வங்கி அறிக்கையும் முதலாளியின் கடிதமும் வேண்டும். சீட்டில் இருக்கும் தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் பென்னி பிசகாமல் பொருந்த வேண்டும். கையில் வாங்கி வங்கியில் போடாத பணம் கணக்கில் வராது. நாலாவது மாதத்தில் வேலை மாறியிருந்தால் முந்தைய 12 மாத வருமானத்தையும் காட்டும் வேறு பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும். ஆவணங்களில் கடைசியானது, விண்ணப்பம் போட்ட தேதிக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்க வேண்டும். வங்கி அறிக்கையை எடுத்து வைத்துவிட்டு ஆங்கிலத் தேர்வு முடிவுக்குக் காத்திருந்து இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். ஊரில் இருக்கும் துணையின் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு ஆறு மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் போட்ட பணத்தை வைத்து ஒன்றும் ஆகாது.

இந்தக் குடும்ப விசாவில் ஆங்கிலத்துக்கு ஏ1 என்ற ஆரம்ப நிலைத் தேர்வு போதும். ஆனால் அது பிரிட்டன் விசாவுக்கென்று அங்கீகரித்த தேர்வாக இருக்க வேண்டும். சாதாரண ஐஇஎல்டிஎஸ் எழுதிவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஆங்கில வழியில் படித்த இன்ஜினியரிங் பட்டத்தைக் காட்டுவதானால் கல்லூரி முதல்வர் கடிதம் மட்டும் செல்லாது. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ‘எக்டிஸ்’ என்ற பிரிட்டன் அமைப்பின் சான்றும் வேண்டும். காசநோய்ப் பரிசோதனை அந்நாட்டு அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டும். ஊர் ஸ்கேன் சென்டர் எக்ஸ்ரே உதவாது. அந்தச் சான்றுக்கு ஆயுள் ஆறு மாதம். விசா மையத்துக்குச் சென்னை வரை ஓட வேண்டாம். கொச்சி நமக்குப் பக்கம்.

உறவு உண்மையானது என்று காட்டும் ஆதாரத்தில் நம்மவர்கள் செய்வது தலைகீழ். முட்டம் பாறையில் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த ஐம்பது படத்தை அடுக்குகிறார்கள். பந்தியில் இருவீட்டாரும் சேர்ந்து நிற்கும் நாலு படம், அவற்றின் பின்னால் தேதியும் யார் யார் என்ற குறிப்பும் இருந்தால் அதற்கு எடை அதிகம். வாட்ஸ்ஆப்பை நானூறு பக்கம் அச்சடிக்காமல், தேதி தெரிகிற மாதிரி மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கம், அழைப்புப் பட்டியல், பணம் அனுப்பிய ரசீது, விமானச் சீட்டு என்று வையுங்கள். பெண் பார்த்த இரண்டாவது வாரம் கல்யாணம் நடந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். பேசி முடித்தவர் யார், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். முன்னுக்குப் பின் முரணாக எழுதுவதுதான் ஆபத்து.

ஆஸ்திரேலியாவுக்குத் துணைவர் விசாவை வெளியிலிருந்து போடுவதானால் அது 309 (தற்காலிகம்), 100 (நிரந்தரம்) என்ற இரட்டை விசா. 2025 ஜூலை நிலவரப்படி கட்டணம் 9,365 ஆஸ்திரேலிய டாலர். அங்குள்ள குடியுரிமையாளர் அல்லது நிரந்தரக் குடியிருப்பாளர் இருவர், உறவு உண்மையானது என்று 888 படிவத்தில் சாட்சி எழுத வேண்டும். நம் மாவட்டத்துக்காரர்கள் மாட்டிக்கொள்வது போலீஸ் சான்றில். கடந்த 10 ஆண்டில் மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று கேட்பார்கள். மனைவி மெல்போர்னில் நர்ஸ், கணவர் சவூதியிலோ குவைத்திலோ ஏழெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர் என்பது இங்கே சாதாரணக் கதை. இந்தியச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டினால் முடிந்தது. வளைகுடாச் சான்றை ஊரிலிருந்து வாங்குவதானால் கைரேகை, சான்றொப்பம், தூதரகம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். கல்யாணம் பேச்சில் இருக்கும்போதே, அங்கிருந்து கிளம்புமுன் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். சான்றின் ஆயுள் 12 மாதம் என்பதால் அது தாண்டிப்போகலாம். ஆகவே பழைய இகாமா (சவூதி குடியிருப்பு அட்டை), சிவில் ஐடி (குவைத் அடையாள அட்டை) நகல்களைத் தூக்கிப் போடாதீர்கள், மறுபடி வாங்க அவைதான் வேண்டும். இரண்டே நாளில் சான்று வாங்கித் தருகிறேன் என்னும் ஏஜென்ட்டிடம் போக வேண்டாம். போலி என்று தெரிந்தால் ஆஸ்திரேலியா மூன்று ஆண்டுக்கு விசா மறுக்கலாம்.

பிரிட்டன் விசாவுக்குக் கல்யாணச் சான்றில் அப்போஸ்தில் முத்திரை (சான்று உண்மையானது என்று நம் வெளியுறவு அமைச்சகம் இடுவது) தேவையில்லை. ஐக்கிய அரபு அமீரகத்துக்குத் தூதரகச் சான்றொப்பமே வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி எல்லாரிடமும் ஒரே கட்டணம் வாங்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள்.

பதிவுத்துறைக்கு ஒரு கோரிக்கை. சார்பதிவாளர் கையெழுத்திடுமுன், சான்றில் வரப்போகும் பெயர்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மணமக்கள் கையில் கொடுத்து, பாஸ்போர்ட்டுடன் ஒப்பிட ஐந்து நிமிடம் தரலாம். கிறிஸ்தவ ஆலயங்களில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும் இடைவெளியில் பங்குத்தந்தையர் இருவீட்டாரையும் பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொன்னால், அந்த ‘ஹெச்’ அங்கேயே பிடிபட்டுவிடும்.

இப்படிக்கு,
ஆவணப் பணியில் உள்ள வாசகர்கள்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.