சின்ன இதயங்களுக்கு ஒரு எக்கோ குழாய்: இன்னும் 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர் மருத்துவமனையின் குழந்தைகள் இதயப் பிரிவுக்கு டி.இ.இ. குழாய் (உணவுக்குழாய்க்குள்ளிருந்து ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ கருவி) வாங்க 19 லட்சம் ரூபாய் ஆகும். சேர்ந்திருப்பது 12 லட்சத்து 40 ஆயிரம். கம்பெனி கொடுத்த விலை இந்த மாதம் 31ஆம் தேதிவரைதான் செல்லும். அறுவடைக்கு முன் எல்லோருக்கும் கை இறுக்கம் என்று தெரிந்தும் மறுபடி உங்கள் வாசலுக்கு வருகிறோம்.

அது என்ன குழாய் என்று பலர் கேட்டீர்கள். நுனி பென்சில் பருமன்தான். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாய்வழியே உணவுக்குழாயில் இறக்குவார்கள். உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னால் ஒட்டியே போவதால், வால்வு திறந்து மூடுவதுகூடத் திரையில் தெளிவாகத் தெரியும். ஆபரேஷனில் இதயத்து ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்து, அதுவரை இதயத்தின் வேலையைச் செய்த பம்ப் மெஷினிலிருந்து விடுவித்து, இதயம் தானாகத் துடிக்கும்போது இதில்தான் பார்ப்பார்கள். ஒட்டின் ஓரம் ரத்தம் கசிந்தால் திரையில் நிறம் பீய்ச்சும். உடனே மறுபடி பம்பில் போட்டுச் சரிசெய்துவிடலாம். வார்டுக்கு வந்தபின் தெரிந்தால்? தையல் காயாத அந்த நெஞ்சையே திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.

இருந்த சின்னக் குழாயின் மேலுறை விரிசல்விட்டு, மின்கசிவுச் சோதனையில் தேறவில்லை. பெரியவர்களுடைய குழாய் 4 கிலோ குழந்தைக்கு ஆகாது. இப்போதைக்கு வேறொரு எக்கோ கருவியை உறையிட்டு இதயத்தின் மேலேயே வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல முறைதான், ஆனால் நெஞ்சை மூடியபின் அதில் பார்க்க வழியில்லை.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 8, 9 பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. யார் செய்த பாவமும் இல்லை அது.

இந்த மருத்துவமனையே பிடியரிசியில் எழுந்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள் நம் பாட்டிமார்கள். சனிக்கிழமை மாட்டுவண்டி வந்து வீடு வீடாக அள்ளிப்போகும். பஞ்சத்தில்கூட அந்தப் பானை காலியாக இருந்ததில்லை என்று பெரியவர்கள் இன்றும் நிமிர்ந்து சொல்கிறார்கள்.

அந்த மனசு இப்போதும் இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் டப்பா வைத்த டீக்கடைக்காரர், ஒரு நாள் கூலியைத் தந்த தறித் தொழிலாளர்கள், உண்டியலை உடைத்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், பேரன் பிழைத்த நன்றிக்கு வளையலைக் கழற்றித் தந்த அம்மா, எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

அப்புறம் ஒன்று. நோட்டில் தொகை எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் 43 பேர். பெயரை வாசிக்க எங்களுக்கு மனமில்லை. தேர்த் திருப்பணிக்கு ஒரே வாரத்தில் பணம் திரட்டிய ஊர் இது. அதே சாமிதான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தாலியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் துணை.

தினமும் மாலை 5 முதல் 8 வரை கோயில் மண்டபத்தில் இருப்போம். 100 ரூபாய்க்கும் ரசீது உண்டு.

இப்படிக்கு,
நன்கொடைக் குழுவினர்